முப்பத்தொரு வீடும் நெறஞ்சிருக்கு

என் அண்ணன் பெற்று, நான் செல்லம் கொடுத்துக் கெடுத்த மகளுக்கு,

அருப்புக்கோட்டை தொடங்கித் திருச்சுழி முடிய உள்ள வானம் பார்த்த தேசத்தின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி, பதினெட்டு குழாய் ரேடியோக்களுக்கும் ஒன்றரை ஜெனரேட்டருக்கும் ஏகபோக அதிபதி (அரை என்பது பாதி நேரம் ஓடுவது), கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ எதுவானாலும் முதல் குரல் கொடுக்கும் உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. பசை இல்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. நாளைக் காலை நீ மதுரைக்கு பஸ் ஏறி, உன் கல்லூரி விசாரணைக் குழுவின் முன்னால் நிற்கப் போகிறாய். தேர்தல் பிரசாரத்தில் பயிற்சிக்குப் போன பெண், வீடு வீடாகக் கேட்காமலே பொய்யாகக் கணக்கெடுப்பு எழுதிவிட்டாள் என்று அந்தப் பிரசார அலுவலகம் கல்லூரிக்கு எழுதியிருக்கிறது. நீ அங்கே போய் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "என் பெயரில் போனது என் பொறுப்பு" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாய். அந்த ஒரு வரியோடு பயிற்சி மதிப்பெண்ணும் போகும், நீ ஆசைப்பட்ட மேல்படிப்பும் போகும், 'பொய் எழுதியவள்' என்ற பெயர் மட்டும் தங்கும். ஆகவே இந்தக் கடிதத்தை உன் பேராசிரியர் படிக்கலாம், வாசலில் நிற்கும் வாட்ச்மேன் படிக்கலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தும் படிக்கலாம். ஊர் பார்க்க நடந்ததை ஊர் பார்க்கத்தான் சொல்ல வேண்டும்.

நான் திருச்சுழியில் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொன்னால் அருப்புக்கோட்டையில் காய்ச்சாத பாலும் பொங்கிவிடும் என்று உன்னிடம் ஒரு தடவை அளந்துவிட்டேன். உனக்கு அப்போது ஐந்து வயது. நான் திருச்சுழிக் கோயில் விசேஷத்துக்கு செட் போடப் போன நாளில், நீ அடுப்படியில் பால் சட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாயாம். பால் பொங்கவில்லை. நான் வீடு திரும்பியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டாய். "இனிமே நான் 'நெசமா, அளக்குறீகளா?'ன்னு கேட்டா, நெசத்தைத்தான் சொல்லணும்." அன்றிலிருந்து நான் யாரிடம் என்ன அளந்தாலும், அந்தக் கேள்வியை நீ கேட்டுவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுவேன். என் பொய்கள் எல்லாமே யானை அளவு. யாரும் நம்பமாட்டார்கள், அதனால் யாரையும் மிதித்ததில்லை. பதினாறு வருடம் அந்தச் சட்டம் நம் வீட்டில் அமலில் இருந்தது. அதை ஒரே ஒரு முறைதான் மீறினேன். இந்தக் கடிதம் அந்த ஒரு முறையைப் பற்றியது. நீ கேட்காமலே கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெயிலைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஆங்காங்கே அளப்பேன், அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. நடந்ததில் அளக்க மாட்டேன்.

இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு மாதம் எங்கேயாவது பயிற்சிக்குப் போகவேண்டும் என்று கல்லூரியில் சொன்னபோது உன் தோழிகள் பத்திரிகை அலுவலகம், வக்கீல் அலுவலகம் என்று போனார்கள். நீ தேர்தல் பிரசாரத்துக்குப் போகிறேன் என்றாய். உன் அம்மா, அதாவது என் மதினி, கரண்டியோடு வந்து நின்றார். "பொம்பளப் பிள்ளைக்குக் கட்சி ஆபீசுல என்னடி வேலை?" நீ சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "ஓட்டுக் கேக்குறவுக வாயத் தெறக்குறதுக்கு முன்னால காதை எப்படித் தெறக்குறாகன்னு பாக்கணும்மா." தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப் போன உன் அப்பா அதில் 'காது' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று சத்தம் போட்டார். நான் நடுவில் புகுந்து, இந்தப் பிள்ளை பயிற்சிக்குப் போகாவிட்டால் ஜனநாயகமே படுத்துவிடும், அதைத் தூக்கி நிறுத்த நம் தெருவில் வேறு ஆள் இல்லை என்று ஒரு மணி நேரம் முழங்கி அனுமதி வாங்கித் தந்தேன். அதற்கு நான் பொறுப்பு. மதினி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் அதிகம் உறைக்கிறது.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிதான் உங்கள் அலுவலகம். வார் ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள். யுத்தம் நடக்கும் அறையில் பந்திப் பாயும் அண்டாவும் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உங்களுக்குக் கழுத்தில் அட்டையும் கையில் டேப்லெட்டும் கொடுத்தார். வேட்பாளர் போகும் ஊருக்கு முந்தின நாள் நீங்கள் போய், வீடு வீடாகக் கேட்டு ஏற்ற வேண்டும். ரோடு எப்படி, ரேஷன் எப்படி, தண்ணீர் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொத்தான். சிவப்பில் 'பிரச்சினை', பச்சையில் 'நிறைவு'. பச்சையைத் தட்டினால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். சிவப்பைத் தட்டினால் உள்ளே பன்னிரண்டு கேள்வி விரியும். எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது, இல்லாவிட்டால் எங்கே போகிறார்கள், எவ்வளவு தூரம், வீட்டில் யார் தூக்குகிறார்கள், தூக்குகிறவருக்கு என்ன வயது. நீ ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது கால் பாதங்கள் வீங்கியிருக்கும். "பச்சையே வர மாட்டேங்குது சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய்.

அந்த நாளுக்கு வருகிறேன். வெயில் என்றால் வெயில், நிழல் தேடிப் பறந்த காக்கை கடைசியில் தன் நிழலிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டது. ரெட்டியபட்டியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில் மூன்று தெருவை முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து, நடையிலேயே சுருண்டு படுத்துவிட்டாய். தொட்டால் சுட்டது. மறுநாள் காலை வேட்பாளர் அந்த ஊருக்கு வருகிறார், கிழக்குத் தெரு மட்டும் பாக்கி, சாயங்காலத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று எழுந்து எழுந்து விழுந்தாய். நான்தான் டேப்லெட்டைப் பிடுங்கினேன்.

"குடு இங்கிட்டு. பாண்டிய நாட்டையே மூணு நாளையில கணக்கெடுத்துக் குடுத்த வம்சம் நாம. முப்பது வீடு எனக்கு ஒரு வீடா?"

"சித்தப்பா, வாசல்ல நின்னு கேக்கணும். ஒவ்வொரு வீடா. தெருவுல நின்னு சத்தம் போடக் கூடாது."

"எனக்கா சொல்லிக் குடுக்கிற?"

"பன்னெண்டு கேள்வியும் கேப்பீகளா?"

"கேக்குறேன் தாயி."

நீ காய்ச்சல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டாய். "நெசமா, அளக்குறீகளா?"

"வம்சம் அளப்பு. கேக்குறது நெசம்" என்றேன்.

அன்று சாயங்காலம் எனக்கு ரெட்டியபட்டியில் இன்னொரு கட்சியின் கூட்டத்துக்கு செட் கட்ட வேண்டிய வேலை இருந்தது. எல்லாக் கட்சிக்கும் என் குழாய் ஒன்றுதான், அது உனக்குத் தெரியும். மொபெட்டில் ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேனோடு, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு கிழக்குத் தெருவுக்குப் போனேன். முதல் வீட்டில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் இருந்தார். தண்ணீர் என்றதும் பெருமூச்சு விட்டார், நான் சிவப்பைத் தட்டினேன், பன்னிரண்டு கேள்வி விரிந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் மகாபாரதத்தில் ஒரு பருவம் சொன்னார். ஐந்தாவது கேள்வியில் மணியைப் பார்த்தேன். இந்தக் கணக்கில் போனால் முப்பத்தொரு வீடும் முடிவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும் என்று தோன்றியது. "இருங்கய்யா, வாரேன்" என்று சொல்லித் திரும்பும் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தெரு முனையில் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் முத்துராக்கு அக்கா. அப்போது பெயர் தெரியாது, இப்போது தெரியும். மொபெட்டை விட்டு இறங்காமலே கேட்டேன். "ஏம்மா, தெருவுல தண்ணியெல்லாம் எப்படி?"

"நெறஞ்சிருக்குண்ணே" என்றார் அவர்.

"தெரு பூராவுமா?"

"முப்பத்தொரு வீடும் நெறஞ்சிருக்கு. வந்து மொண்டுட்டுப் போங்க."

சொல்லிக்கொண்டே மடியில் இருந்த குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் வேறு சீமைக்காரர்களாக இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயால் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். அடுக்களையில் உப்பு தீர்ந்துபோனால் 'உப்பு நெறஞ்சிருக்கு' என்பார்கள். அரிசிப் பானை காலியானால் 'அரிசி நெறஞ்சிருக்கு, வாங்கியாங்க' என்பார்கள். இல்லை என்ற சொல் வீட்டுக்குள் வந்தால் இல்லாமை கூடவே வந்து பாய் விரித்துவிடும் என்று பயம். என் மதினி சொல்லி நான் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. புரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கவிழ்ந்த குடத்தையும் பார்த்தேன், சிரிப்பில் இருந்த காந்தலையும் கேட்டேன். ஆனால் டேப்லெட்டில் பச்சைப் பொத்தானின் மேல் 'நிறைவு' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா சொன்னதும் நிறைவுதானே, நான் ஒன்றும் கூட்டிக் குறைத்து எழுதவில்லையே என்று என் குறுக்குப் புத்தி ஒரு வாதம் கண்டுபிடித்தது. டீக்கடை நிழலில் உட்கார்ந்து முப்பத்தொரு தடவை பச்சையைத் தட்டினேன். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்த வேடிக்கையைக் கடைக்காரரிடம் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ "கேட்டீகளா?" என்றாய். "முடிஞ்சிருச்சு தாயி" என்றேன். முடிந்துதான் இருந்தது.

மறுநாள் வேட்பாளரின் வேனில் கட்டியிருந்த குழாய் என்னுடையது. அதனால் நானும் மொபெட்டில் பின்னாலேயே வந்தேன். நீ காய்ச்சல் விட்டும் விடாத முகத்தோடு பின் காரில் இருந்தாய். ஒவ்வொரு தெருவிலும் என்ன பேசவேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு தாள் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சிவப்பு வந்த தெருவில் வாக்குறுதி, பச்சை வந்த தெருவில் பாராட்டு. கிழக்குத் தெருவில் வேன் நின்றது. வேட்பாளர் தாளைப் பார்த்தார், கையைக் கூப்பினார், என் குழாயில் சொன்னார். "இந்தக் கிழக்குத் தெருவில் முப்பத்தொரு வீட்டிலும் தண்ணீர் நிறைவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு மனம் மகிழ்ந்தேன்!"

கை தட்டுவதற்கென்று கூட வந்தவர்கள் தட்டினார்கள். தெரு தட்டவில்லை. முத்துராக்கு அக்கா எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, வேனின் முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். அடுத்த பெண் வந்து பக்கத்தில் ஒன்று வைத்தார். பச்சை, ஊதா, ஆரஞ்சு, வாய் உடைந்தது, கம்பி கட்டியது என்று முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. வேன் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எல்லாம் காலிக் குடம், காற்றுக்கே உருளக்கூடியவை, ஆனால் அன்றைக்கு அவை மலை மாதிரி நின்றன. இது அளப்பு இல்லை.

"நெறஞ்சிருக்குன்னு சொன்னீகளே, எறங்கி வந்து குடிங்கய்யா" என்றார் அவர்.

ஒருங்கிணைப்பாளர் "வண்டியை எடுங்க, வண்டியை எடுங்க" என்று கத்தினார். கூட வந்த இளவட்டம் ஒருவன் ஒரு குடத்தை உதைக்கக் காலைத் தூக்கினான். நாலு பெண்கள் ஒரே எட்டில் அவன் முன்னால் வந்து நின்றார்கள். வீடுகளுக்குள் இருந்து ஆண்கள் வெளியே வந்தார்கள், ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது. தோட்டத்திலிருந்து அப்படியே வந்தாரா, வேறு எதற்காவது எடுத்து வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஒரு குடம் நசுங்கினால் போதும், அடுத்து என்ன நசுங்கும் என்று சொல்ல முடியாத நேரம் அது. அப்போதுதான் நீ காரிலிருந்து இறங்கினாய். கழுத்தில் அட்டை ஆடியது.

"அவுகளைச் சொல்லாதீங்க. அந்தத் தாள் நான் ஏத்துனதுல இருந்து வந்தது. நான்தான் பொறுப்பு" என்றாய்.

முத்துராக்கு அக்கா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எங்க தெருவுக்கே வரலையே தாயி. கட்டம் போட்ட துண்டோட ஒரு ஆளுல்ல வந்தாரு?"

"அவுக எனக்காக வந்தவுக. எம் பேர்லதான் போச்சு. நான்தான் பதில் சொல்லணும்."

நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்த மேல்நிலைத் தொட்டியின் தூணுக்குப் பின்னால். அந்த அம்மா துண்டு என்று சொன்ன கணத்தில் என் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை உருவிச் சுருட்டி மொபெட் பைக்குள், பெட்ரோல் கேனுக்கு அடியில் திணித்தேன். நிமிர்ந்தால் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்துவிட்டு, அந்தப் பார்வையை வேறு யாரும் பின்தொடர்ந்து என்னிடம் வந்துவிடாதபடி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாய். பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் கேட்டார். "ஏண்ணே, அது ஒங்க அண்ணன் மகதான?"

நான் சொன்னேன். "யாரு?"

என் ஆயுளில் யானை யானையாக அளந்திருக்கிறேன். அந்த ஈரெழுத்துதான் நான் சொன்னதிலேயே மிகச் சிறிய பொய், அது ஒன்றுதான் என்னை மிதித்தது. எனக்கும் உன் சித்திக்கும் பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லும். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டபோது, "ஒரு அப்பா தறி ஓட்டுறாரு, ஒரு அப்பா மைக்குல பேசுறாரு" என்று சொன்னவள் நீ. டீச்சர் அதைச் சொல்லிச் சிரித்தபோது நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, ஏற முடியாமல், வீடு வரை நடந்து வந்தேன். அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் யாரு என்று கேட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியாது. முத்துராக்கு அக்கா ஒரு குடத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார். "பதில் சொல்றேன்னு சொன்னேல்ல? வா, எங்க போய் எடுக்குறோம்னு பாத்துட்டு வந்து சொல்லு." நீ அட்டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு அவர்களோடு நடந்தாய். ஓடையைத் தாண்டி, தோட்டக்காரர் மோட்டார் போடும் நேரத்துக்கு மட்டும் தண்ணீர் தரும் அந்தக் கிணறு வரைக்கும். நீ திரும்பும் வரை குடங்களை யாரும் எடுக்கவில்லை, வேனும் நகரவில்லை. வேட்பாளர் இறங்கி வந்து வேனின் நிழலில் நின்றார். முக்கால் மணி நேரம். இடுப்பில் குடத்தோடு நீ வந்தபோது சுடிதார் ஒரு பக்கம் நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. குடத்தை வேட்பாளர் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, பன்னிரண்டு கேள்விக்கும் பதிலை வாயால் சொன்னாய். எத்தனை நாள், எத்தனை குடம், எவ்வளவு தூரம், யார் தூக்குகிறார்கள், என்ன வயது. வேட்பாளர் கூட்டத்தைப் பார்த்து, "எனக்குத் தப்பாச் சொல்லிட்டாங்கம்மா" என்றார். "நாங்க சரியாத்தான் சொன்னோம். கேட்ட காதுதான் சரியில்ல" என்றார் முத்துராக்கு அக்கா. பிறகு அவரே தன் குடத்தை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். வேன் போனது. அன்று மாலையே கல்யாண மண்டபத்து மாடியில் உன் கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நெசமா, அளக்குறீகளா என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். நீ கேட்கவில்லை. மதினிதான் மொபெட் பையைத் துழாவித் துண்டை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, "கொழுந்தனாரே, துண்டு நெறைய பெட்ரோல் வாடை. யாருகிட்ட இருந்து ஒளிச்சு வச்சீக?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார். வியாழக்கிழமை கல்லூரிக் கடிதம் வந்தது. உன் அப்பா "என்ன போட்டிருக்கு?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டார். "சும்மா ஒரு மீட்டிங்குப்பா" என்று அவர் காதில் சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாய். அன்று முதல் நான் மைக்கைத் தொடவில்லை. இரண்டு காதுகுத்துக்கு ஆள் அனுப்பினேன். குரல் வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் லோடு ஆட்டோவில் இரண்டு குழாயும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்றிக்கொண்டு, துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போனேன். ஒரு மகத்தான மன்னிப்பு அறிவிப்பு தயாராக இருந்தது. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி ஏழு ஊருக்குக் கேட்கும்படி. முத்துராக்கு அக்கா தொட்டிக்குக் கீழேதான் இருந்தார். துண்டைப் பார்த்தார்.

"யாரு வீட்டுக் கல்யாணம்ணே?"

"கல்யாணம் இல்லம்மா. ஒரு அறிவிப்பு."

"அப்ப அத அமத்துங்க. எங்களுக்குக் காது கேக்கும். வாயால சொல்லுங்க."

அமர்த்தினேன். மைக் இல்லாமல் என் குரல் எவ்வளவு சின்னது என்று ஐம்பது வயதுக்கு மேல் இன்றைக்குத்தான் தெரிந்தது. "அன்னைக்கி டீக்கடையில ஒக்காந்து எல்லாத்தையும் பச்சையாத் தட்டுனது நான்தாம்மா. அந்தப் பிள்ளை காச்சல்ல கெடந்துச்சு. நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சேதான் தட்டுனேன். அன்னைக்கித் தூணுக்குப் பின்னாலதான் நின்னேன்" என்றேன்.

"அதான் தெரியுமே" என்றார் ஒரு பெண். "துண்டை உருவும்போதே பாத்தோம்."

தெரிந்துமா அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். "அந்தப் பிள்ளையே காட்டிக் குடுக்கல. நாங்க எதுக்குக் குடுக்கணும்?" என்றார் முத்துராக்கு அக்கா. பிறகு கேட்டார். "அது ஒங்களுக்கு என்ன வேணும்?"

"மக" என்றேன்.

அவர் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சரி, நோட்டு இருக்கா? பன்னெண்டு கேள்வியையும் கேளுங்க. முப்பத்தொரு வீடும். வாசல்ல நின்னு."

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்தேன். இரண்டு வீட்டில் திட்டினார்கள், முழுசாக நின்று வாங்கிக்கொண்டேன். முதல் வீட்டுப் பெரியவர், "ஏன்யா, 'இருங்கய்யா, வாரேன்'னு போன ஆளு, இத்தன நாள் கழிச்சு வாரீரே" என்று ஆறாவது கேள்வியிலிருந்து தொடர்ந்தார். ஒரு வீட்டில் தண்ணீர் தூக்குகிறவருக்கு என்ன வயது என்று கேட்டபோது, கதவோரம் நின்ற ஒன்பது வயதுப் பெண் தானே பதில் சொன்னாள். அந்த வயதில் நீ பால் சட்டிச் சட்டத்தை வைத்து என்னைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தாய். எழுதும்போது எழுத்து கோணிவிட்டது, மன்னித்துக்கொள். ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்தோ ரேகையோ வாங்கியிருக்கிறேன். முப்பத்தொரு தாளையும் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் தைத்திருக்கிறேன். குழு நம்பாவிட்டால் அந்தத் தெருவுக்கு வரட்டும். குடம் கொடுக்க ஆள் தயாராக இருக்கிறார்கள்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, ஆனாலும் தகப்பன் கடிதத்தில் இரண்டு புத்தியாவது இல்லாவிட்டால் தபாலாகாது. டேப்லெட்டை என்னிடம் கொடுத்தது உன் தப்பு, அதை நீ குழுவில் ஒத்துக்கொள். உடம்பு முடியாவிட்டால் வேலையை நிறுத்து. உன்மேல் பாசமாக இருப்பவனிடம் கொடுக்காதே. பாசக்காரன் உனக்காக வேலையைச் சீக்கிரம் முடிப்பான், சரியாக முடிக்க மாட்டான். இன்னொன்று. உன் பழியை நீ தூக்கியது அழகு. என் பழியையும் சேர்த்துத் தூக்கினாய் பார், அந்தப் பாரத்தில் நான்தான் நிமிர முடியாமல் கிடந்தேன். அடுத்தவன் குடத்தை அவனிடமே கொடுத்துவிடு. தூக்கிப் பார்த்தால்தான் அவனுக்குத் தூரம் தெரியும்.

நாளைக் காலை பஸ்ஸில் நானும் வருகிறேன். வேண்டாம் என்றால் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். நீ உள்ளே போனதும் வராந்தாவில், துண்டு தெரியும்படி நிற்பேன். உன் கூட வந்திருக்கிற ஆள் யார் என்று அவர்கள் கேட்பார்கள். சித்தப்பா என்று சொன்னாலும் சரி, மைக் செட்காரர் என்று சொன்னாலும் சரி. "யாரு?" என்று நீ திருப்பிக் கேட்டாலும் எனக்குத் தகும், நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். பஸ்ஸில் ஏறும்போது என் முகத்தைப் பார்த்து, தைரியமா இருக்கீகளா சித்தப்பா என்று கேட்கத் தோன்றும் உனக்கு. அதற்கான பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நெறஞ்சிருக்கு, தாயி. கிழக்குத் தெருத் தண்ணி மாதிரி.

உன் இரண்டாவது அப்பன்